டர்போ வென்டிலேட்டர்

டர்போ வென்டிலேட்டர் என்பது கட்டடத்தின் கூரையில் பொருத்தப்பட்டு, காற்றின் விசையால் தானே சுழன்று, உள்ளே தேங்கும் வெப்பக் காற்று, ஈரம், புகை ஆகியவற்றை வெளியேற்றும் கருவி. இதற்கு மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை. தொழிற்கூடங்கள், கிடங்குகள், பணிமனைகள் ஆகியவற்றின் தகரக் கூரைகள் மீது உரிக்காத பூண்டின் வடிவில் வெள்ளி நிறத்தில் சுழல்பவை இவையே. ஆஸ்திரேலியாவில் இதை ‘வேர்லிபேர்டு’ என்பர். அங்கு வீடுகளின் கூரைகளிலும் இது பரவலாகக் காணப்படுகிறது.

அமைப்பு

இதில் மூன்று பகுதிகள் உண்டு. கூரைத் தகட்டின் நெளிவுக்கு ஏற்ப அமைந்து, மழைநீர் உள்ளே இறங்காமல் காப்பது அடித்தகடு. அதன்மேல் நிற்பது கழுத்துக் குழாய். குழாயின் வாயில், நடுத்தண்டைச் சுற்றி பேரிங்குகளின் உதவியால் சுழல்வது தலைப்பகுதி. வளைந்த மெல்லிய இதழ்கள் பல சேர்ந்ததே இத்தலை. அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகால் இதழ்களைச் செய்கிறார்கள். தொழிற்கூடங்களில் 600 மில்லிமீட்டர் கழுத்து விட்டமுள்ள வகை மிகுதியாகப் பயன்படுகிறது. வீடுகளுக்கு 300 மில்லிமீட்டர் அளவுள்ளவை போதும்.

செயல்படும் முறை

இக்கருவியை இயக்குபவை இரண்டு. முதலாவது காற்று. ஒரு பக்கத்து இதழ்களின் குழிந்த முகத்தைக் காற்று தள்ளுகிறது. மறுபக்கத்து இதழ்களின் குவிந்த முதுகில் அது வழுக்கிச் செல்கிறது. இவ்வேறுபாட்டால் தலை சுழல்கிறது. காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் சுழலும் திசை மாறாது. காற்றுக்கு மறைவான பக்கத்தில் அழுத்தம் குறைவதால் உள்ளிருக்கும் காற்று அவ்வழியே இழுக்கப்படுகிறது.

இரண்டாவது வெப்பம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.16 கிலோகிராம்; 40 பாகையில் ஏறத்தாழ 1.13 கிலோகிராம். எடை குறைந்த வெப்பக் காற்று மேலெழுந்து கழுத்துக் குழாய் வழியே வெளியேறுகிறது. ஆகவே வெளியே காற்று அசையாத நேரத்திலும் இக்கருவி ஓரளவு பயன் தரும். கீழ்த் திறப்புக்கும் கூரைத் திறப்புக்கும் இடையிலான உயரம் நான்கு மடங்கானால், அதே வெப்ப வேறுபாட்டில் காற்றோட்டம் இரு மடங்காகும். உயரமான கூடங்களுக்கு இது ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே.

வரலாறு

காற்றைக் கொண்டு கட்டடத்தைக் குளிர்விப்பது பழைய கலை. ஈரானின் யாஸ்து நகரத்து ‘பாத்கீர்’ என்னும் காற்றுக் கோபுரங்களும், எகிப்தின் ‘மல்கஃப்’ என்னும் கூரைத் திறப்புகளும் புகழ்பெற்றவை. யாஸ்தின் தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுடையது. மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்குவது இவற்றின் முதன்மைப் பணி. டர்போ வென்டிலேட்டரோ உள்காற்றை மேலே இழுத்து வெளியேற்றுகிறது. 1920களில் பின்லாந்துப் பொறியாளர் சிகுர்த் சவோனியஸ் வளைந்த இதழ்களைக் கொண்ட செங்குத்துச் சுழலியை உருவாக்கினார். அதன் அடிப்படையில் ஜெர்மானியப் பொறியாளர் அன்டன் ஃப்ளெட்னர் அமைத்த சுழல் வென்டிலேட்டர் வேன்கள், பேருந்துகளின் கூரைகளில் இடம்பெற்றது.

நிறுவும் முறை

வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே சுவரின் கீழ்ப்பகுதியில் சன்னல்களோ சாய்தகட்டுத் திறப்புகளோ தேவை. இவற்றின் மொத்தப் பரப்பு கூரைத் திறப்புகளின் மொத்தப் பரப்புக்குக் குறையக் கூடாது. கதவும் சன்னலும் அடைத்த கூடத்தில் எத்தனை வென்டிலேட்டர்களைப் பொருத்தினாலும் பயன் மிகக் குறைவே.

எண்ணிக்கையைக் கூடத்தின் கன அளவே முடிவு செய்கிறது. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கன அளவு 3,600 கன மீட்டர். மணிக்கு 6 முறை காற்று மாற வேண்டுமானால் 21,600 கன மீட்டர் வெளியேற வேண்டும். ஒரு கருவி மணிக்கு 1,500 கன மீட்டர் வெளியேற்றுவதாகக் கொண்டால் 15 கருவிகள் தேவைப்படும். சாய்வுக் கூரையில் இவற்றை முகட்டை ஒட்டிப் பொருத்துவது முறை.

தமிழகச் சூழல்

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் கோவை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கருவிகள் நன்கு சுழல்கின்றன. ஆனால் வெயில் கடுமையாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கு அத்தகைய காற்று இல்லை. அப்போது கூரையின் உயரமும் கீழ்த் திறப்புகளுமே கைகொடுக்கும். புயல் அபாயமுள்ள கடற்கரை மாவட்டங்களில் கருவியைக் கூரையின் சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். உப்புக்காற்றைத் தாங்கும் உலோகமும் அவசியம்.

வரம்புகள்

வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த நிலையை இக்கருவியால் உண்டாக்க முடியாது. காய்ந்த தகரத்திலிருந்து கீழே கதிர்வீசும் வெப்பத்தையும் இது தடுக்காது. அதற்குக் கூரைமேல் வெள்ளைப் பூச்சும், கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புப் படலமும் வேண்டும். ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய நூற்பாலைக் கூடங்களுக்கும், குளிர்சாதனம் இயங்கும் அறைகளுக்கும் இது பொருந்தாது. நச்சு வாயு உண்டாகும் இடங்களில் மோட்டார் விசிறிக்கு இது மாற்றாகாது.

பராமரிப்பு

பேரிங்கில் தூசி படிந்தால் சுழற்சி தடைப்படும்; கிறீச்சிடும் ஒலி அதன் முதல் அறிகுறி. சுழலாத தலையின் இடுக்குகளில் சாரல் புகக்கூடும். மழைக்காலத்துக்கு முன் பேரிங்கையும் அடித்தகட்டின் இணைப்பையும் சரிபார்ப்பது நல்லது.

பணியிடத்தில் போதிய காற்றோட்டமும் உடல்நலம் கெடாத வெப்பநிலையும் இருக்க வேண்டும் என்பதை இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 13ஆவது பிரிவில் முதலாளியின் கடமையாக்கியது. கீழே காற்று நுழைய வழியும், மேலே வெயிலைத் தடுக்கும் கூரையும் அமைந்த இடத்தில், அக்கடமையை மின்செலவின்றி நிறைவேற்ற உதவும் எளிய கருவிகளுள் டர்போ வென்டிலேட்டர் ஒன்று.