களனியில் நின்ற குவாய் பாலம்

மாரிக்குக் குளம் வான் பாய்ஞ்சால் ஓமந்தைப் பெடியள் சைக்கிளில போய்ப் பார்ப்பம். நாங்கள் கண்ட பெரிய நீரோட்டம் அதுதான். வன்னியில் மலையும் இல்லை, மலையாறும் இல்லை. கித்துல்கலவில் களனி கங்கையில் றப்பர் படகு விடலாம் என்று கேள்விப்பட்டதும், காசு சேர்த்து ஆறு பேர் வெளிக்கிட்டம்.

ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி ஏற்றினார்கள். பின்னால் இருக்கிற வழிகாட்டி கத்தக் கத்த நாங்கள் துடுப்பு வலிக்கவேணும். நுரை தள்ளுற இடத்தில் வலிப்பதை விட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். பயத்தில் கை நிக்கிற இடத்தில்தான் இன்னும் பலமாக வலிக்கவேணும். இரண்டு பக்கமும் காடு, நடுவில் பாறை. தண்ணி குடிச்சு, விழுந்து, சிரிச்சு ஐந்து கிலோமீற்றரளவு வந்துவிட்டம்.

ஓரிடத்தில் வழிகாட்டி கரையைக் காட்டினார். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக மரப்பாலம் கட்டிய இடம். 1957இல் டேவிட் லீனின் ஆட்கள் உண்மையான ரயிலையே ஓடவிட்டுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் ஏழு ஒஸ்கார் வாங்கியது. இப்போது சீமெந்து அடித்தளங்கள்தான் மிச்சம். நாங்களும் செல்ஃபி எடுத்தம்.

திரும்பி வரும்போதுதான் அந்தக் கதையின் மற்றப் பாதியைத் தேடி வாசித்தம். உண்மையான பாதை தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீற்றர். 1942–43இல் ஜப்பானிய இராணுவம் போட்டது. படத்தில் பாலத்தைக் கட்டுவது பிரிட்டிஷ் கைதிகள். நேச நாட்டுக் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தது உண்மை. ஆனால் அந்தப் பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு செத்தார்கள். கிட்டத்தட்ட 90,000 பேர் என்பது பொதுவான கணக்கு. அவர்களில் மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஏராளம். நல்ல சம்பளம் என்று சொல்லியும், பிடித்தும் ஏற்றினார்கள். கொலராவும் பட்டினியும் கொன்றன. மலேசியத் தமிழர் அதை இன்றும் 'சயாம் மரண ரயில்' என்கிறார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தொழிலாளரில் பெரும்பாலானோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. படத்திலும் அவர்கள் இல்லை.

இனித்தான் எங்களை உறுத்தின விசயம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மலாயாவுக்கு ஆட்களைக் கூட்டிப்போனது போலத்தான், இலங்கைத் தோட்டங்களுக்கும் கூட்டிவந்தார்கள். களனி கங்கை தொடங்குவதே அந்தத் தேயிலை மலைகளில்தான். அங்கிருந்து வரும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் வந்தன. மவுஸ்ஸாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரம் தாண்டு கிடக்கிறது. கோடையில் தண்ணி வத்தினால் பழைய கோயில் வெளியில் தெரியும். நாங்கள் துள்ளி விளையாடிய நீர், அந்தப் பக்கத்து மின்நிலையங்கள் திறந்துவிட்டால் வருகிற நீர்.

பஸ்ஸில் இதைக் கதைக்கேக்க எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்கட அம்மம்மா மஸ்கெலியாவில பிறந்தவ. 77 கலவரத்துக்குப் பிறகுதான் வவுனியாவுக்கு வந்தவ."

பத்து வருசமாகப் பழகுகிறம், எங்களுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தேவையில்லை. 1948இல் அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது, 1964 ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள், 1977இல் அடித்துத் துரத்தினார்கள். அப்படி வன்னிக்கு வந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த வரவேற்பு 'தோட்டக்காட்டார்' என்ற பட்டம். எல்லைக் காணிகளில் இருந்தவர்களும், யுத்தத்தில் முன்னுக்கு அடிபட்டவர்களும் அவர்களில் கனபேர். எங்கட துயரத்தை எழுதேக்க அவர்களைத் தனியாக எழுதுகிறமா?

ஹொலிவூட் தமிழ்க் கூலிகளை விட்டுவிட்டுப் படம் எடுத்தது என்று கோபப்படுவது சுகம். அதே வேலையை எங்கட ஊரில் நாங்களும் செய்திருக்கிறம்.

அடுத்த மாதம் அம்மம்மாவிடம் போறம். கொப்பியும் ரெக்கோடரும் கொண்டுபோகிறம். அவ கதைக்க விரும்பினால் எழுதுவம். உங்கட வீட்டிலயும் அப்படி ஒருத்தர் இருந்தால், நேரத்தோட கேளுங்கோ.