அருணாசலம் போன கப்பல்

குச்சவெளியில் புலமைப்பரிசில் எண்டால் எல்லாருக்கும் ஐந்தாம் ஆண்டுச் சோதினைதான் ஞாபகம் வரும். பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அண்டைக்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போகும். பட்டம் முடித்த பிறகும் ஒரு புலமைப்பரிசில் இருக்கு, விமானச் சீட்டிலிருந்து மாதச் செலவு வரை தந்து வெளிநாட்டில் படிப்பிக்கும் எண்டது எங்களில் பலருக்குக் கம்பஸ் வந்த பிறகுதான் தெரியும். ஆனால் இலங்கைக்கு இது 150 வருடத்துக்கு மேற்பட்ட பழைய கதை.

1870 அளவில் தீவில் பல்கலைக்கழகமே இல்லை. சோதினையில் முன்னுக்கு வருகிற ஒருவரை அரச செலவில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்திலேயே அதை வென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். அப்போது வயது பதினேழு. கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் படித்து, 1875 இல் போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார்.

கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் படித்தது கொழும்பு அக்கடமியில், இன்றைய றோயல் கல்லூரி. தகப்பன் முதலியார். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி லண்டனில் பாரிஸ்டரானவர். குச்சவெளியில் அதே வயதில் அதே மூளையோடு ஒரு பெடியன் இருந்திருந்தால், அப்படியொரு சோதினை நடக்கிறது எண்டே அவனுக்குத் தெரிந்திருக்காது. பெட்டையின் கதையைச் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு அருணாசலத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததுக்காக. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானபோது அவர் முன்னுக்கு நிண்டார். கப்பலேறிப் போய் வந்த மனிசன், இன்னும் நாலு பேரை அனுப்புங்கோ எண்டு கேட்டு நிற்கவில்லை. இங்கேயே ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டார். தாய்மொழியைத் தள்ளிவைத்த படிப்பையும் கண்டித்தார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. பட்டம் மட்டும் லண்டனுடையது. 1924 இல் அவர் மதுரையில் இறந்தார். முழுப் பல்கலைக்கழகம் 1942 இல்தான். பேராதனையில் ஒரு விடுதிக்கு அவருடைய பெயர் இருக்கு.

1945 இல் இலவசக் கல்வி, 1960களில் கலைப்பீடங்களில் தமிழ்மொழி மூலம், பிறகு கிழக்குப் பல்கலைக்கழகம், நிலாவெளியில் திருகோணமலை வளாகம். எங்கட பஸ் அதைத் தாண்டித்தான் ரவுணுக்குப் போகுது. உள்ளூர்க் கதவு இப்படித் திறந்தது. வெளிநாட்டுக் கதவு பெரும்பாலும் இன்னும் ஆங்கிலத்தில்தான் திறக்குது. தமிழில் வரலாறு படித்த எங்களுக்கு ஐஈஎல்ரீஎஸ் கட்டணமே வீட்டில் கேட்கத் தயங்குகிற காசு.

எண்டாலும் இந்த வருடம் நாலு பேர் சேர்ந்து ஒரு படிவத்தைத் திறந்தோம். தலைமைத்துவம் பற்றி எழுதச் சொல்லுது. பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிற வகுப்பை அதில் போடலாமா எண்டு ரெண்டு நாளாகச் சண்டை. கடைசியில் போட்டோம்.