பெரட்டுக் கணக்கும் அதன் பிரதிகளும்

கணக்கைக் காப்பாற்றப் பிரதி ஒன்று எழுதிவைத்தால் போதும் என்று எண்ணுவது அநுபவமில்லாதவர் சுபாவம். அந்தப் பிரதி யார் கையில் இருக்கிறது, மூலம் அழிந்தால் அதன் ஸ்தானத்தில் நிற்க அதற்கு அதிகாரம் உண்டா, இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பவற்றை முன்கூட்டியே நிர்ணயித்திருந்தாலன்றிப் பிரதியால் பிரயோஜனமில்லை. டேட்டாபேஸ் கிளஸ்டர் அமைக்கப் பயிலும் இக்கால இளைஞர், மூன்று சர்வர்களை நிறுத்தி, ஒன்றைத் தலைமையாக்கி, அதன் பதிவுகளை மற்றவை உடனுக்குடன் ஏற்கச் செய்து, பிறகு தலைமையை வேண்டுமென்றே அணைத்துப் பரீட்சிப்பது இதனால்தான். இரண்டே இருந்தால், தொடர்பு அறுந்த வேளையில் ஒவ்வொன்றும் தானே தலைமை என்று சாதிக்கக்கூடும்; மூன்று இருந்தால் பெரும்பான்மை தீர்ப்புச் சொல்லும்.

மலாயாவின் சிலாங்கூரில் ஜெராம் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்த வித்தையின் பழைய உருவம் ஒன்று வழங்கியது. விடியுமுன், வேலைக்கு வந்த ஆட்களை எண்ணும் பெரட்டுக்களத்தில் விளக்கொளியில் கிராணி என்னும் குமாஸ்தா பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டு, பின்னர் ஆபீசில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றுவார். மாதச் சம்பளம் அதைக்கொண்டே. ஆனால் வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு இத்தனை காசு என்று தலைக்காசு பெற்ற, ஆட்களை மேய்க்கும் கங்காணியும் தன் கூட்டத்தைத் தனியே எண்ணிவைத்திருப்பான். ஒரு பெயர் விடுபட்டால் அவனுக்கு நஷ்டம், கேட்காமல் விடமாட்டான். ஒரு பெயர் கூடினால் தோட்டத்துக்கு நஷ்டம், கிராணி விடமாட்டார். கங்காணியின் காசாசையே கணக்குக்குக் காவலாக நின்றது விசித்திரந்தான்.

செக்ரோலில் ஏறிய பெயருக்குக் கடல் கடந்தும் சாட்சிகள் இருந்தன. தொழிலாளியின் சொந்த ஊரில் கிராம முன்சீபு ஒப்பமிட்ட, ஆள் சேர்க்கும் கங்காணி லைசென்சு, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த, ஆள் அனுப்பும் டிப்போவின் பதிவு, கடைசியில் தோட்டத்துச் செக்ரோல் என்று ஒரே ஆளின் பெயர் பலர் கையில் தங்கிற்று. 1938-இல் இந்திய சர்க்கார் இப்படி உதவி பெற்று மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடுத்ததும் புதிதாக ஆள் சேர்ப்பது நின்றது.

பின்னர் யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர், துரைமார் ஓடிப்போன தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் கேட்டனர். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். செக்ரோல் தோட்டத்தில் கிடந்தது, ஆளோ சயாமில். அதே பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகள் உடனிருந்தனர். அவர்கள் இறந்தோர் பட்டியல்களை ரகசியமாக எழுதி ஒளித்துவைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவற்றின் துணையால் புதைகுழிகள் தேடப்பட்டு, காஞ்சனபுரி மயானத்தில் பெயர் பொறித்த கற்கள் நாட்டப்பட்டன. தோட்டத் தொழிலாளிக்கோ அம்முகாம்களில் அப்படி இரண்டாவது கணக்கு எழுதி ஒளித்துவைத்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட தமிழர் எத்தனை பேர் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகளே உள்ளன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பல்லாயிரம் வித்தியாசம்.