முப்பத்திரண்டரை டிகிரி: வடநெம்மேலி முதலை முட்டைகளும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வின் வரலாறும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையைப் பெரும்பாலோர் சுற்றுலாத் தலமாகவே அறிவர். 1980களில் அங்கே முதலை முட்டைகளை வைத்து நடந்த ஆய்வு, மரபணு வெளிப்பாடு பற்றிய அறிவின் வரலாற்றில் இடம்பெற வேண்டியது என்பது இக்கட்டுரையின் வாதம். ஓர் உயிரின் மரபணுவில் எழுதியிருப்பது வேறு. அதில் எந்தப் பகுதி எப்போது படிக்கப்படுகிறது என்பது வேறு. எழுத்தே மாறினால் அது சடுதிமாற்றம். எழுத்து அப்படியே இருக்க, படிப்பு மட்டும் மாறினால் அது மரபணு ஒழுங்குபாடு. இவ்விரண்டின் வேகமும் எவ்வளவு வேறானவை என்பதைச் சதுப்பு முதலையின் முட்டை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

பண்ணை 1976இல் ரோமுலஸ் விட்டேகர், ஸாய் விட்டேகர் ஆகியோரின் முயற்சியால் உருவானது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிப்போயிருந்த காலம் அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் மத்திய அரசின் முதலைத் திட்டம் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடுவதே அன்றைய வழிமுறை. முட்டையை எந்த வெப்பத்தில் வைப்பது என்ற கேள்வி, எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பதோடு மட்டும் தொடர்புடையதாகவே அப்போது கருதப்பட்டது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தொடர்பில்லாத இரு இடங்களில் இரண்டு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்திருந்தன. 1961இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவை ஆராய்ந்து ஓபரான் கொள்கையை முன்வைத்தனர். லாக்டோஸ் சர்க்கரை இல்லாதபோது ஒரு தடுப்புப் புரதம் டி.என்.ஏ.வில் அமர்ந்து, அதைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை மூடி வைக்கிறது. லாக்டோஸ் வந்ததும் தடுப்பு விலகுகிறது. சூழலில் உள்ள ஒன்று மரபணுவைத் திறக்கவும் மூடவும் கூடும் என்பது இதனால் நிலைபெற்றது. 1966இல் ஆப்பிரிக்காவின் டாக்கர் நகரில் மாடலேன் ஷார்னியே, ஓணான் இனம் ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்தபோது குஞ்சுகளின் பால் மாறுவதைக் கண்டார். கருத்தரித்த கணத்திலேயே குரோமோசோம்கள் பாலைத் தீர்மானித்துவிடுகின்றன என்று நம்பிய காலத்தில் இந்தச் செய்தி எளிதில் எடுபடவில்லை. ஃபிரான்சில் குளோட் பியோ ஆமைகளில் இதையே காட்டினார். 1982இல் ஃபெர்குசனும் ஜோனனும் அமெரிக்க அலிகேட்டர் முட்டைகள் 30 டிகிரியில் பெண்ணாகவும் 34 டிகிரியில் ஆணாகவும் பொரிவதை நேச்சர் இதழில் வெளியிட்ட பிறகுதான் முதலை வளர்ப்போர் விழித்துக்கொண்டனர்.

வடநெம்மேலியில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர்கள் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேகர் ஆகிய மூவர். சதுப்பு முதலை மண்ணில் குழி பறித்து முட்டையிடும். இட்ட ஓரிரு நாளில், கரு ஒட்டிய இடத்துக்கு மேலே ஓட்டில் சுண்ணாம்பு வெண்மையில் ஒரு திட்டு தோன்றும். நாளாக நாளாக அது முட்டையைச் சுற்றிப் பட்டையாகப் படரும். பட்டை விழுந்த முட்டையே கரு உள்ள முட்டை. அதை எடுக்கும்போது மேற்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். புரட்டிவிட்டால் கரு இறக்கக்கூடும். இப்படி எடுத்த முட்டைகளை மாறா வெப்பத்தில் வைத்துப் பார்த்த முடிவுகள் 1989இல் அமெரிக்கன் ஸூவாலஜிஸ்ட் இதழில் வெளியாயின. 28 முதல் 31 டிகிரி வரை பொரிந்தவை அனைத்தும் பெண். 32.5 டிகிரியில் அனைத்தும் ஆண். 31.5, 32, 33 டிகிரிகளில் இரண்டும் கலந்து வந்தன. வெப்பம் ஏறினால் ஆண் என்ற நேர்க்கோடு இங்கே இல்லை. ஆணுக்குரிய வெப்பம் ஒரு குறுகிய இடைவெளி. அதன் இருபுறமும் பெண் உண்டு.

31க்கும் 32.5க்கும் உள்ள இடைவெளி, நம் உடம்புக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் கூட்டும் சூட்டின் அளவே. அடைகாப்புப் பெட்டியை 30 டிகிரியில் நிறுத்தி, எல்லாக் குஞ்சும் நலமாகப் பொரிந்தன என்று மகிழ்ந்து ஆற்றில் விட்டிருந்தால், விட்டது முழுவதும் பெண் முதலைகளாகவே இருந்திருக்கும். ஓர் உயிரினத்தைக் காக்கும் வேலையில் இதைவிட அவசரமான மரபியல் பாடம் இருக்க முடியாது.

முதலைகளுக்குப் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் இல்லை. ஒரே ஈட்டின், அதாவது ஒரு தாய் ஒரே முறையில் இட்ட முட்டைகளில் எதுவும் ஆணாகலாம், பெண்ணாகலாம். இரண்டுக்குமான மரபணுக்கள் எல்லாவற்றிலும் உள்ளன. அடைகாப்பின் நடுப்பகுதியில் நிலவும் வெப்பமே எது திறக்கும் என்பதை முடிவு செய்கிறது. எப்படி என்பதற்கு விடை மெல்லத்தான் வந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தாடி ஓணானிலும் அலிகேட்டரிலும் ஆமையிலும் கே.டி.எம்.6பி, ஜரிட்2 என்ற இரு மரபணுக்களின் ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதம் வெப்பத்தோடு மாறுவதைச் சுட்டியது. 2018இல் செவ்வரிச் செவி ஆமையில் காரண வரிசையே தெரிந்தது. குளிர்ந்த வெப்பநிலையில் கே.டி.எம்.6பி நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து ஒரு தடை முத்திரையை நீக்குகிறது, டி.எம்.ஆர்.டி.1 மரபணு திறந்து விந்தகம் உருவாகிறது. இந்த நொதியைக் குறைத்தபோது, ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாயின. சூடு ஏறும்போது செல்லுக்குள் கால்சியம் புகுந்து, ஸ்டாட்3 என்ற புரதத்தின் வழியாக கே.டி.எம்.6பி-ஐ மூடுகிறது என்று 2020இல் அடுத்த கண்ணியும் சேர்ந்தது. ஆமையின் வரிசையை அப்படியே முதலைக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆமையில் சூடு பெண்ணாக்குகிறது, முதலையிலோ ஏற்ற இறக்கம் வேறு. ஆனால் கருவி ஒன்றாகவே தோன்றுகிறது: ஒட்டவும் அழிக்கவும் கூடிய முத்திரை.

சடுதிமாற்றம் இப்படி அழிவதில்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி பிழை செய்கிறது. திருத்தும் நொதிகளிடம் தப்பிய பிழை நிலைத்துவிடுகிறது. புற ஊதாக் கதிர், டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள தைமின் எழுத்துகளை ஒட்டிவிடுகிறது. இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சைட்டோசின் என்ற எழுத்தின் கதை. மெத்தில் என்ற வேதிக்குழு ஒட்டிய சைட்டோசின் தானாகச் சிதைந்தால் நேரே தைமினாகிவிடும். இத்தகைய இடங்களில் சடுதிமாற்றங்கள் குவிவதை 1978இல் கூலோந்தரும் மில்லரும் கில்பர்ட் முதலியோரும் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது, ஜாக்கோபும் மோனோவும் விளக்கிய அதே லாக்டோஸ் தடுப்புப் புரதத்தின் மரபணு. பல உயிர்களில் மரபணுவை மூடி வைக்க உதவும் அதே மெத்தில்தான் எழுத்துப் பிழைக்கும் வழிவிடுகிறது.

முதலைகளில் இந்தப் பிழைகள் நிலைபெறும் வேகம் மிகக் குறைவு. அலிகேட்டர், செம்மூக்கு முதலை, கரியால் ஆகிய மூன்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2014இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, முதலையினத்தின் மரபணு மாற்றம் எல்லா நிலையிலும் அசாதாரணமாக மந்தமானது எனக் கண்டது. நெடிய தலைமுறை இடைவெளி இதற்கு ஒரு காரணம். எனவே மண் சூடேறினால், புதிய சடுதிமாற்றம் வந்து ஆண், பெண் வெப்ப வரம்பை நகர்த்தும் என்று காத்திருக்க இயலாது.

இதே கரையில், நீலாங்கரை தொடங்கி மாமல்லபுரம் பக்கம் வரை, பங்குனி ஆமைகள் கரையேறி இட்ட முட்டைகளைத் தன்னார்வலர்களும் வனத்துறையும் பொரிப்பகங்களுக்கு மாற்றுகின்றனர். அங்கும் வெப்பம்தான் பாலை வகுக்கிறது, சூடு கூடினால் பெண். பொரிப்பகத்துக்கு மேல் ஓலைப் பந்தல் போடுவதா வேண்டாமா என்பது ஒரு தலைமுறை ஆமைகளின் பால் விகிதத்தைத் தொடும் முடிவு.

சூடேறும் மண்ணைச் சமாளிக்க முதலைக்கு வேறொரு வழியும் இருக்கலாம். வடநெம்மேலியில் சதுப்பு முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு ஈடு இடுவதை விட்டேகர்கள் 1984இல் பதிவு செய்தனர். முதல் ஈடு மாசி வாக்கில் என்றால், இரண்டாவது சித்திரை வெயிலை நெருங்கிவிடும். ஒரே தாயின் இரு ஈடுகளும் ஒரே சூட்டு மண்ணில் கிடக்க வாய்ப்பில்லை. அவற்றின் ஆண், பெண் விகிதத்தை ஆண்டுதோறும் குழி ஆழத்தோடும் மண் வெப்பத்தோடும் சேர்த்துக் குறித்து வைப்பதே இக்கரையில் அடுத்து நடக்க வேண்டிய ஆய்வு.