கீற்று முதல் பசுமை வீடு வரை: நம் வீடுகள் வந்த வழி

நம் குழுக்களின் பழைய உள்கடன் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். கடன் எதற்கு என்று எழுதும் இடத்தில் முதல் சில வருஷம் ‘கூரை வேய’ என்றுதான் அடிக்கடி இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் கீற்று வாங்கக் காசு வேண்டுமே! கொஞ்ச காலம் கழித்து ‘ஓடு மாற்ற’ என்று வரும். அதற்கும் பிறகு ‘தளம் போட’. மலருக்கு வீட்டைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். அறந்தாங்கி வட்டாரத்து வீடுகளின் வரலாற்றை நாமே நம் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

கீற்று வீட்டைப் பற்றி இப்போது பலர் ஏக்கமாகப் பேசுகிறார்கள். அதில் குடியிருந்த நாம் அப்படிப் பேச மாட்டோம். அடுப்புப் பொறி, பாம்பு, ஒழுகல், அடிக்கடி வேயும் செலவு எல்லாம் பட்டவர்கள் நாம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையேறியபோது, கூரை எந்தப் பக்கம் போனதென்று தெரியாமல் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். மண்சுவரும் கீற்றும் சித்திரை வெயிலில் குளுகுளுவென்று இருந்தன. மண், மூங்கில், ஓலை எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தது.

வசதி உள்ளவர்களும் வெயிலை அறிந்துதான் கட்டினார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் கனமான சுவர், சுண்ணாம்புக் காரை, ஓட்டுக்கூரை, நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று முற்றத்து வழியே மேலே போய்விடும். மழைத் தண்ணீர் அதே முற்றத்தில் இறங்கும். (ஆவுடையார்கோயிலுக்குப் போனால் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டம், ஆணி, கயிறு வரை கல்லிலே செதுக்கியிருப்பார்கள். அந்தச் சிற்பிகளுக்கு மரக்கூரை வேலை எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்கள்!)

அப்புறம் தளம் வந்தது. தளம் போட்ட வீடு என்றால் ஊரில் மரியாதை, புயலுக்குப் பயமில்லை. நானும் ஆசைப்பட்டுத்தான் போட்டேன். ஆனால் கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பூராவும் உள்ளே இறக்கும். பங்குனி பிறந்தால் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறோம். மின்சாரப் பில்லும் ஏறுகிறது.

‘பசுமை’ என்ற சொல் வீட்டோடு சேர்ந்து நம் ஊருக்கு வந்தது 2011-ல். தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. 300 சதுர அடி, தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், ஐந்து சூரிய விளக்கு, மழைநீர் சேகரிப்பு. முதல் வருஷம் மாநிலம் முழுக்க 60,000 வீடுகள் என்று இலக்கு. எங்கள் தெருவில் ஒரு அத்தை, “அப்ப பச்சை பெயின்ட் அடிக்கணுமா?” என்று கேட்டது இன்னும் சிரிப்பாக இருக்கிறது. கேள்வியில் தப்பில்லை. பசுமை என்றால் என்னவென்று யார் நமக்குச் சொன்னார்கள்?

நகரங்களில் அதற்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. 2001-ல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தொடங்கியது. பிளாட்டினம் தரம் பெற்ற ஐதராபாத் கட்டடம் ஒன்றை 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். 2007-ல் ‘கிரிகா’ என்ற நம் நாட்டுத் தரமுறை வந்தது. ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருப்பார்களே, அதே மாதிரி வீட்டுக்கும் மதிப்பெண் போட்டு நட்சத்திரம், வெள்ளி, தங்கம் என்று தருகிறார்கள். தண்ணீரை எப்படிச் சேமிக்கிறாய், மின்சாரம் எவ்வளவு, பொருள் எங்கிருந்து வந்தது, வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகிறதா என்று கேட்டு மதிப்பெண். கட்டணம் உண்டு, கணக்குக் காட்ட ஆள் வேண்டும். 300 சதுர அடி வீட்டுக்காக யாரும் அந்தச் செலவு செய்யப் போவதில்லை. என் அபிப்பிராயம், அந்தக் காகிதம் நமக்கு வேண்டாம்; அந்தக் கேள்விகள் வேண்டும்.

அதில் ஒரு கேள்விக்கு நம் மாநிலம் முன்னமேயே பதில் சொல்லிவிட்டது. 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள், தண்ணீர் அருமை தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் என் வீட்டில் குழாய் மட்டும் இருந்தது. அடியில் குழியே இல்லை. கொத்தனார் வைத்துவிட்டுப் போனார், நானும் பார்க்கவில்லை. நாலு வருஷம் கழித்துத்தான் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டோம்.

இப்போது கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் என்று 2024 முதல் வீடுகள் எழும்புகின்றன. மிச்சத்துக்குக் குழுக்கடன் கேட்டு வருகிறீர்கள். தளம் போடுவதற்கு முன்னாலேயே கொத்தனாரிடம் பேசுங்கள். ஜன்னல் எதிரும் புதிருமாக இருக்கட்டும். மேற்கு வெயிலுக்குச் சன்ஷேடு கேளுங்கள். தளத்துக்கு மேல் தட்டோடு பதித்தாலும் நல்லது. முடியாவிட்டால் வருஷா வருஷம் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறவர்கள் ஓட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் தளத்தின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே பழைய ஓட்டை வைத்துக் கான்கிரீட் போட்டார். அந்த இடத்து கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை. அதனால் சிமெண்ட் மிச்சம், சூடும் குறைவு. ஆனால் இதைத் தெரிந்த பொறியாளர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கூரையில் சோலார் வைக்க 2024-ல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மீதிக்கு உள்கடன் கொடுக்கலாமா என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது, இன்னும் தீர்மானமாகவில்லை. அதே கூட்டத்தில் ஒரு அக்கா மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க ரெண்டாயிரம் கேட்டார். பதிவேட்டில் காரணம் என்னவென்று எழுத என்று எழுத்தர் கேட்டாள். ‘கூரை’ என்றே எழுதச் சொன்னோம்.