கை நனைக்கிறது

நான் ஒரு சாப்பாட்டுராமன். புது ஊருக்குப் போனால் கோயிலுக்கு முன்னாடி ஓட்டலைத்தான் தேடுவேன். "எங்கே என்ன நல்லா இருக்கும்"னு ஊர் ஊரா விசாரிச்சு வச்சிருக்கிற ஆளு. ஆனா இந்தத் தடவை எந்தக் கடையில் எது ருசின்னு சொல்லப் போறதில்லை. இந்த ஓட்டல்ங்கிற சமாச்சாரம் நம்ம ஊருக்குள்ள எப்படி வந்துச்சு, யாரை உள்ளே விட்டுச்சு, யாரை வெளியே நிறுத்துச்சுன்னு கொஞ்சம் பேசலாம்னு இருக்கேன். வரலாறு போரடிக்கும்னு நினைக்கிறவங்க கடைசிப் பத்திக்குப் போயிடுங்க, அங்கே கூழ் ஊத்துறேன் :-)

காசுக்குத் தின்பண்டம் விக்கிறது நமக்குப் புதுசில்லை. சிலப்பதிகாரத்துல புகார் நகரக் கடைவீதியைச் சொல்லும்போதே பிட்டு விக்கிறவங்க, அப்பம் விக்கிறவங்க வந்துடறாங்க. திருவிளையாடல்ல வந்திக் கிழவி பிட்டு விக்கலைன்னா சிவபெருமானுக்குப் பிரம்படியே விழுந்திருக்காது. ஆனா கவனிச்சுப் பார்த்தீங்கன்னா இதெல்லாம் பலகாரம். பலகாரம் விக்கலாம். சோறு? சோத்தைக் காசுக்கு விக்கிறது பாவம்னுதான் ரொம்பக் காலம் நம்மாளுங்க நினைச்சிருக்காங்க. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்துச்சு. இல்லைன்னா சொந்தக்காரன் வீடு. அதுவும் இல்லைன்னா கட்டுச்சோறு. புளியோதரையைக் கண்டுபிடிச்சவன் நிச்சயமா ஒரு வெளியூர்க்காரனாத்தான் இருக்கணும்.

'கை நனைக்கிறது'ன்னு ஒரு வழக்கு இருக்கில்லையா, எவ்வளவு கனமான சொல்லு அது! "அவங்க வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்"னா உறவே முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். யார் வீட்ல யார் கை நனைக்கலாம்னு சாதி ஒரு பெரிய கணக்கு வச்சிருந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல, முன்னப் பின்ன தெரியாத ஒருத்தன் சமைச்சதை, முன்னப் பின்ன தெரியாத இன்னொருத்தன் பக்கத்துல உட்கார்ந்து திங்கறதுன்னா சும்மாவா?

அந்தக் கணக்கைக் குழப்புனதுல ரயிலுக்குப் பெரிய பங்கு. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் ரயில் ஓடுச்சு. அதுக்கப்புறம் கோர்ட்டுக்கு, கச்சேரிக்கு, காலேஜுக்குன்னு ஜனங்க டவுனுக்கு வர ஆரம்பிச்சாங்க. வந்தவனுக்குப் பசிக்குமே! 'காப்பி கிளப்பு'ங்கிற பேர்ல கடைகள் முளைச்சது இப்படித்தான். கிளப்புன்னதும் சீட்டு ஆடுற இடம்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஊர்ப் பெரிசுங்க ரொம்ப நாள் வரைக்கும் ஓட்டலைக் 'கிளப்புக் கடை'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

ஆனா சாதி அவ்வளவு லேசுல விட்டுடுமா? கடைக்குள்ளேயும் கூடவே வந்துடுச்சு. 'பிராமணாள் காப்பி கிளப்'னு போர்டு. உள்ளே பிராமணருக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவங்களுக்கு இடமே கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையிலேயே இந்தப் பிரிவு இருந்துச்சு. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்துக்காரங்களும் விடாம சண்டை போட்டு, 1941லதான் அது ஒழிஞ்சுது. இந்திய அரசியல் சட்டத்துல பதினைந்தாவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. கடை, உணவு விடுதின்னு பேர் சொல்லியே, சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒரு நாட்டோட அரசியல் சட்டத்துல ஓட்டலைப் பத்தி எழுத வேண்டி வந்துச்சுன்னா, நிலைமை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சட்டம் வந்தது. இடப் பிரிவு போச்சு. போர்டுல 'பிராமணாள்' மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்துச்சு. "அது தரத்தைக் காட்டுற பேருங்க, சைவச் சாப்பாடுன்னு அர்த்தம்"னு சமாதானம் சொன்னாங்க. 1957ல திருவல்லிக்கேணி முரளி கபே முன்னாடி திராவிடர் கழகம் மறியல் ஆரம்பிச்சுது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, மாசக் கணக்குல. நூத்துக் கணக்கான பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1958லதான் அந்தப் பேரை எடுத்தாங்க. ஒரே ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாடு.

இதுல ஒரு வேடிக்கை. அதே திருவல்லிக்கேணியிலதான் 1948ல ரத்னா கபே ஆரம்பிச்சாங்க. சாம்பார்ல இட்லியை முழுக்க முக்கி, மேலேயும் ஒரு வாளி ஊத்துவாங்களே, அதே கடைதான். மெட்ராஸ் சாம்பார் இட்லிக்கே அடையாளமாப் போன அந்தக் கடையை ஆரம்பிச்சவர் ஜகதீஷ் லால் குப்தா. வடநாட்டுக்காரர்! கைப்பக்குவத்துக்கும் பூணூலுக்கும் என்ன சம்பந்தம்னு இதைவிடத் தெளிவா யார் சொல்ல முடியும்?

உடுப்பிக்காரங்களைப் பத்திச் சொல்லாம ஓட்டல் கதை நகராது. கடந்தலே கிருஷ்ண ராவ்னு உடுப்பிப் பக்கத்துக் கிராமத்துல பிறந்த ஒருத்தர், சின்ன வயசுல சமையல்கட்டுல எடுபிடி வேலை பார்த்துட்டு மெட்ராஸ் வந்து சேர்ந்தார். 1938ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சார். அப்புறம் மயிலாப்பூர்ல நியூ உட்லண்ட்ஸ். 1962ல கதீட்ரல் ரோட்டுல டிரைவ்-இன். கார்ல இருந்து இறங்காமலே கதவுல தட்டை மாட்டிக்கிட்டு தோசை சாப்பிடற இடம். ஆனா காரே இல்லாத பசங்க நாங்க ஒரு காப்பியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் மரத்தடியில உட்கார்ந்திருப்போம். ஒருத்தரும் விரட்ட மாட்டாங்க. 2008ல அதை மூடிட்டாங்க. 2010ல அந்த இடத்துல செம்மொழிப் பூங்கா வந்துச்சு. பூங்கா அழகாத்தான் இருக்கு. எனக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் பூரி வாசனைதான் அடிக்குது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க தாத்தா ஓட்டல் படி ஏறவே மாட்டார். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி. 1986ல சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் மதுரைக்குப் போனோம். மத்தியானம் எங்களையெல்லாம் ஒரு பெரிய ஓட்டலுக்குள்ள அனுப்பிட்டு, "எனக்குப் பசிக்கலை, நீங்க சாப்பிட்டு வாங்க"ன்னு வெளியே வேப்பமரத்தடியில துண்டை விரிச்சு உட்கார்ந்துட்டார். கிராக்கின்னு நினைச்சேன். அப்பாதான் விசயத்தைச் சொன்னார். 1940கள்ல தாத்தா மிளகாய் வத்தல் மூட்டையோட டவுன் சந்தைக்குப் போனப்போ, ஒரு கிளப்புக் கடையில பக்கவாட்டுச் சந்துக்கு வரச் சொல்லி, தூக்கிக் காப்பியை ஊத்தியிருக்காங்க. குடிச்சதும், "டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போ"ன்னிருக்காங்க. உள்ளே பெஞ்சில உட்கார்ந்து குடிச்சவங்க யாரும் டம்ளரைக் கழுவலை. தாத்தா கழுவிக் கவுத்துட்டு வந்துட்டார். அதோட சரி. சட்டம் வந்துச்சு, போர்டு போச்சு, நாப்பது வருசமாச்சு. அவருக்கு மட்டும் அந்தச் சந்து அப்படியே இருந்துச்சு. "இப்பல்லாம் அப்படி இல்லைப்பா"ன்னு அப்பா சொன்னா, "இருக்கட்டும்யா, எனக்குப் பசிக்கலை"ம்பார். அவ்வளவுதான் பேச்சு.

இத்தனைக்கும் அவரும் சுத்தமான சாப்பாட்டுப் பிரியர். மதுரையில அன்னைக்கு அவர் சாயங்காலம் சாப்பிட்டது தெருவோரத்து ஆயாக் கடையில. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஏழு இட்லி! இந்த ஆயாக் கடைகளைப் பத்தி யாராவது ஒரு புத்தகமே எழுதலாம். ஒரு அடுப்பு, ஒரு இட்லிச் சட்டி, ஒரு அம்மி. பெரும்பாலும் புருசனை இழந்த அம்மாக்கள்தான் நடத்துவாங்க. போர்டு கிடையாது, அதனால போர்டுல சாதியும் கிடையாது. வாழையிலைத் துண்டுல வச்சுக் குடுக்கிறதால டம்ளர் கழுவுற பேச்சும் இல்லை. "இன்னும் ரெண்டு வைக்கட்டாய்யா?"ன்னு கேட்டே வச்சிருவாங்க. டவுன்ல படிக்க வந்த பசங்க எத்தனை பேர் அங்கே கடன் சொல்லிச் சாப்பிட்டு ஆளாகியிருப்பாங்க! காப்பி கிளப்புக்குக் கிடைச்ச பேர்ல கால்வாசி கூட இவங்களுக்குக் கிடைக்கலைங்கிறது என்னோட தீராத குறை.

கறிச் சோத்துப் பக்கம் வந்தா முனியாண்டி விலாஸ். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டிங்கிற கிராமத்துக்காரர் 1930கள்ல காரைக்குடியில ஆரம்பிச்சது. அப்புறம் சொந்தபந்தம், ஊர்க்காரங்கன்னு ஆளாளுக்கு அதே பேர்ல ஊர் ஊரா கடை போட்டாங்க. வருசா வருசம் தை மாசம் எல்லாரும் வடக்கம்பட்டியில கூடி முனியாண்டி சாமிக்கு ஆடு வெட்டி, அண்டா அண்டாவா பிரியாணி ஆக்கிப் பிரசாதமாக் குடுக்கிறாங்க. வர்றவங்க யாரா இருந்தாலும் குடுப்பாங்க. சோத்தை விக்கிறது பாவம்னு இருந்த ஊர்ல, வித்தவங்களே வருசத்துக்கு ஒரு நாள் சும்மா போட்டுக் கணக்கை நேர் பண்ணிக்கிற மாதிரி எனக்குத் தோணும்.

சரி, வீட்டுக்கு வருவோம். இட்லி நம்ம பரம்பரைச் சாப்பாடுன்னு பெருமை பேசறோம். கன்னடத்துல 920 வாக்குல எழுதின வட்டாராதனேயில 'இட்டலிகே' வருது. ஆனா அது உளுந்து மாவுல செஞ்ச வேற பண்டம்னு சொல்றாங்க. தமிழ்ல இட்லி பேர் தட்டுப்படுறது ரொம்பப் பிந்தித்தான். அதை விடுங்க. எங்க அப்பத்தாவுக்கு இட்லி, தோசைன்னா தீவாளி, பொங்கல். வருசத்துக்கு மூணு நாலு தடவை. மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலி. நெல்லுச்சோறே விருந்துதான். வானம் பார்த்த பூமியில நெல்லுக்கு எங்கே போறது?

1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 மாதிரி புது ரக நெல்லு வந்துச்சு. அப்புறம் ரேஷன் கடை அரிசி கரிசல்காட்டு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சுது. அரிசி வந்தாலும் ஆட்டுரல் ஆட்டுறது யாரு? ஒரு படி அரிசிக்கும் உளுந்துக்கும் சேர்த்து ரெண்டு மணி நேரம் கை ஒடியணும். 1955ல கோயமுத்தூர்ல சபாபதிங்கிறவர் கரண்டுல ஓடற கிரைண்டரைச் செஞ்சார். முதல்ல ஓட்டலுக்குத்தான் வாங்கினாங்க. அது மெல்ல வீடுகளுக்கு வந்த பிறகுதான் இட்லி தினப்படி ஆகாரமாச்சு. ஆக, தினமும் காலையில இட்லிங்கிறது பல வீடுகளுக்கு ஓட்டல்ல இருந்து வந்த பழக்கம். எங்க வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது 1989ல. அன்னைக்கு ஆட்டுரலைத் தூக்கிக் கொல்லையில போட்டுட்டு எங்கம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "அந்தக் கால ஆட்டுரல் ருசி வருமா"ன்னு ஏக்கப்படுற ஆம்பளைங்க ஒரு வாரம் ஆட்டிப் பார்த்துட்டுப் பேசுங்கப்பா.

தாத்தா கடைசி வரைக்கும் காலையில இட்லியைத் தொடலை. அவருக்குக் கம்பங்கூழ்தான். இன்னைக்கு அதே கூழ் நட்சத்திர ஓட்டல்ல மண்சட்டியில 'பாரம்பரிய உணவு'ன்னு வருது, விலையைக் கேட்டா நமக்கு வேர்க்குது.

வீட்லயே செய்யலாம், பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. கம்பைத் தண்ணி தெளிச்சுப் பிசிறி, கொஞ்ச நேரம் ஊற விட்டுக் குத்தி, உமியைப் புடைச்சுக்கணும். உரல் இல்லாதவங்க மிக்ஸியில விட்டு விட்டு ரெண்டு சுத்து. அப்புறம் ரவைப் பதத்துக்கு உடைச்சு, ஒரு பங்குக்கு நாலஞ்சு பங்கு தண்ணி கொதிக்க வச்சுக் கொட்டிக் கிளறணும். கையை நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறினதும் உருண்டை பிடிச்சு ராத்திரி முழுக்கத் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. காலையில உருண்டையைக் கரைச்சு, மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக் குடிக்கலாம். தொட்டுக்க மோர் மிளகாய், இல்லைன்னா சீனியவரை வத்தல். கருவாடு திங்கிறவங்க ஒரு துண்டு சுட்டு வச்சுக்கோங்க. அந்த நீச்சத்தண்ணியைக் கீழே ஊத்திடாதீங்க, அதை முதல்ல குடிச்சிட்டுத்தான் எங்க தாத்தா கூழையே கரைப்பார்.