தோல்வி உரைக்கும் இரு நூல்கள்

வென்ற போருக்குப் பரணி பாடியவர் நாம். தோற்ற போரையும் கற்றல் வேண்டும். அதற்கு இரண்டு ஆங்கில நூல்கள் உள.

1962 அக்டோபர் 20 அன்று நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை தாக்கியபோது அங்கிருந்த பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் ஜே. பி. தால்வி. சிறைப்பட்டு மீண்ட அவர் 1969இல் வெளியிட்ட 'ஹிமாலயன் பிளண்டர்', குளிருடையும் வெடிமருந்தும் போதாமல் வீரர்களை மலைக்கு அனுப்பிய தில்லியின் ஆணைகளைச் சாடுகிறது. மறு ஆண்டு வந்த 'இந்தியாஸ் சைனா வார்' நூலில் செய்தியாளர் நெவில் மாக்ஸ்வெல், போர் மூண்டதற்கே இந்தியாவின் எல்லைக் கொள்கைதான் காரணம் என்கிறார். அக்கூற்றை முழுதும் ஏற்பதற்கில்லை, ஒதுக்குவதும் முறையன்று.

இரண்டையும் அடுத்தடுத்துப் பயில்வோம். கோப்பில் எழுதும் ஒரு வரி, பனிமலையில் நிற்பவனின் உயிரையே விலையாகக் கேட்கும் என்பதைக் கோப்புகளோடு வாழும் நாம் அறிதல் நன்று.